பனி கொட்டும் நாட்டு மாப்பிள்ளை

ஜன்னலுக்கு வெளியே பனி பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. குரங்குக் குல்லாவும் முழுக்கை ஸ்வெட்டருமாக மாணவன் வீடியோ அழைப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பற்கள் கிடுகிடுத்தன. அதற்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது.

ஏனென்றால் அறைக்குள் அடுப்படி வெக்கை. படிக்க வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் முதுகு முழுக்க வேர்க்குரு. மேல்மாடி ஜன்னலில் தாடிக்கார அறைத்தோழன், டிவி பெட்டியிலிருந்து எடுத்த தெர்மகோலைத் தேங்காய்த் துருவியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் விண்ணப்பித்தது நிஜமாகவே குளிர் நாட்டுக்குத்தான். விசா தருகிறவர்கள் கையை விரித்ததும், வருஷம் பூராவும் வெயில் கொளுத்தும் இந்த நாட்டில் இடம் கிடைத்தது. ஆனால் அம்மா அதற்குள் கல்யாணத் தரகரிடம் பையன் பனி கொட்டுகிற நாட்டுக்குப் போகிறான் என்று அளந்துவிட்டிருந்தாள். வெயிலைப் பார்க்க எதற்கு விமானம் ஏற வேண்டும், மொட்டை மாடிக்கு ஏறினால் போதாதா என்பது அவள் கட்சி.

பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவன் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு இறங்கினான். அதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் ஆள் காலி. மூன்று வருட ஆராய்ச்சிப் படிப்பு, கூடவே அழைத்துப்போய்க் குடித்தனம் வைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டியாகிவிட்டது.

அவளுடைய அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. அந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றிருந்தார். இப்போது போய் உண்மையைச் சொன்னால் குடும்பமே புளுகுக் குடும்பம் என்று ஆகிவிடும்.

திரையில் அவர் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது, மின்விசிறி மட்டும் சும்மா தொங்கியது. பின்னால் கதவோரம் ஒரு சால்வை நுனி. அவள்தான் என்று தெரிந்ததும் இவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"நிஜமாவே பனி கொட்டுதா தம்பி?"

சந்தேகப்படுகிறார் மனிதர். மாணவன் போனை ஜன்னல் பக்கம் திருப்பினான். அந்த நேரம் பார்த்து தாடி உற்சாகத்தில் ஒரு துண்டை உடைத்து அப்படியே போட்டான்.

"என்னமோ செங்கல்லு மாதிரி விழுந்துச்சே?"

"ஆலங்கட்டி மாமா. இங்க கொஞ்சம் பெருசா இருக்கும்."

"முகமெல்லாம் ஒரே தண்ணியா இருக்கு?"

"இப்பத்தான் வெளிய போயிட்டு வந்தேன். தலையில விழுந்த பனி உருகுது மாமா."

அவர் விசிறுவதை நிறுத்தினார். இது எத்தனை மாசத்துக்கு இப்படி இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆள் முக்கால்வாசி நம்பிவிட்டார், மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்று மாணவனுக்குத் தோன்றியது.

"மாசக் கணக்கே கிடையாது மாமா. கோடைன்னு ஒண்ணு இருக்கறதே இங்க யாருக்கும் தெரியாது."

கதவோரத்துச் சால்வை சட்டென்று உள்ளே போய்விட்டது. வெட்கம் என்று எடுத்துக்கொண்டான்.

பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவனுடைய படிப்பு, குணம், குடும்பம் எல்லாமே திருப்தி என்றார். தனக்கு மட்டுமில்லை, மகளுக்கும்தான் என்றார். வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, மாணவன் துடைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அவளுக்கு ஃபேன் காத்தே ஆகாது, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெயில் அடிக்கற நாட்டுல உங்க சிநேகிதங்க யாராவது படிச்சா சொல்லுங்க தம்பி."