திருவனந்தபுரத்தில் இறங்க வேண்டும்

பையை மேலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ரயில் இன்னும் நிற்கவில்லை. வேகம் குறைந்து, திருவனந்தபுரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியில் மழை சாய்வாக ஓடியது.

எதிரே அம்மா எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

இங்கே இறங்கினால் கோவளம். இறங்காமல் இதே ரயிலில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் வர்க்கலை.

இரண்டும் ஒரே கடல்தான். இரண்டிலும் தென்னை, இரண்டிலும் மணல், இரண்டிலும் பொரித்த மீன். ஒரு வாரமாக அவள் அதை இதோடும் இதை அதோடும் வைத்துப் பார்த்திருந்தாள். அலுவலகத்தில், பேருந்தில், மாலை வகுப்பில் பாடம் நடக்கும்போதுகூட. எதையும் யோசித்துச் செய்கிறவள் என்று அவளுக்குப் பெயர். செய்து முடித்த பிறகும் தப்போ தப்போ என்று கிடந்து உழல்வது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வர்க்கலை என்று சொன்னது அம்மா.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த வருடங்களில் இருவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. கல்யாணமோ கோயில் கொடையோ, ஒருத்தி போனால் மற்றவள் வீட்டில். அவருடைய வருஷத் திதி முடிந்த பிறகு அவள்தான் கேட்டாள், கடலுக்குப் போய் வருவோமா என்று. கேட்டதும் கூச்சமாகிவிட்டது. அம்மா சரி என்றாள். என்றுவிட்டு, வர்க்கலைக்கே போவோம் என்றாள்.

அடுத்த வீட்டு ஆவுடைத்தங்கம் சொன்னாளாம். வர்க்கலைக் கரையில் பெண்பிள்ளைகளும் இறந்தவர்களுக்குப் பலி போடலாமாம். முங்கி எழுந்து, ஈரத் துணியோடு உட்கார்ந்து, எள்ளும் சோறும் உருட்டி வைத்து, போனவரைக் கூப்பிடலாமாம். நீ எதுக்கு வந்தே என்று யாரும் கேட்க மாட்டார்களாம்.

திருநெல்வேலியில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் பெரியப்பா மகன். திதி கொடுத்தவனும் அவன்தான். பார்த்துக்கொண்டது மகள். அம்மாவுக்கு அது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. உன் கையால் ஒரு தடவை வைத்துவிடு, போதும் என்றாள்.

அவள் முதலில் வர்க்கலைக் குன்றைச் சாக்குச் சொன்னாள். கடலுக்கு இறங்கச் செங்குத்தாகப் படிகள், உன் முட்டிக்கு ஆகாது என்றாள். ஆவுடைத்தங்கம் மணல் வரைக்கும் ஆட்டோவில் போனவள்; அந்தச் சாக்கு நிற்கவில்லை.

அடுத்து, அறை இல்லை என்றாள். வர்க்கலையில் ஓர் அறைகூட இல்லை, எல்லாம் போய்விட்டது, கோவளத்தில்தான் கிடைத்தது.

அம்மா அதற்குப் பிறகு வர்க்கலைப் பேச்சையே எடுக்கவில்லை.

அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரயில் நின்றது. பெட்டிகள் உரச, ஆட்கள் வாசல் பக்கம் நெருக்கினார்கள்.

அவள் தன் கையைப் பார்த்தாள். கஞ்சி ஊட்டிய கை. துடைத்து, கழுவி, புரட்டிப் படுக்கவைத்த கை. மகன் இருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்று அப்பா போனபோது துட்டி கேட்க வந்தவர்கள் மாறி மாறிப் பிடித்துக்கொண்ட கை.

ஒரு மத்தியானம், அப்பாவின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். மெதுவாகத்தான். கொஞ்சுவதுபோலத்தான்.

போதும்ப்பா. போயிருங்க.

அப்பா அவளைப் பார்த்தார். பேச்சு போன பிறகு அவருக்குக் கண் மட்டும்தான் இருந்தது. வாயில் இருந்ததை விழுங்கினார்.

மறுநாள் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை.

அதற்கு மறுநாளும்.

போயிருங்க என்று சொன்ன வாயால் வாங்க என்று எப்படிக் கூப்பிடுவது? சோற்றை உருட்டி வைத்து, கைதட்டிக் கூப்பிட்டு, ஒரு காகமும் வந்து தொடாவிட்டால்? அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோவளத்தில் அப்படி எதுவும் இல்லை. காலை நனைக்கலாம். அறைக்கு வந்து தூங்கலாம்.

"எம்மா, எறங்கணும்."

அம்மா மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இந்த மழைக்குள்ள எவன் வந்து அங்க அம்புட்டு ரூமையும் புடிச்சான்?"

கோபம் இல்லை. கேலிதான். அவளுக்குக் காதுமடல் சுட்டது. பையின் வாரை இழுத்துவிட்டாள்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் அடுக்களையிலதான் நின்னேன். நீ அப்பாகிட்ட சொன்னது கேட்டுச்சு."

பெட்டி பாதி காலியாகியிருந்தது. நடைமேடையில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நான் சொல்லியிருக்கணும்ட்டி. ஒன்னச் சொல்ல வச்சிட்டேன்."

முட்டியில் கையை ஊன்றி அம்மா எழுந்தாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். கோவளத்துக்கே போவோம், வா, என்றாள். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து ஓரடி வைத்தாள்.

அவள் எழவில்லை.

கையில் இருந்த டிக்கெட் இந்த ஊர் வரைக்கும்தான் என்பது அவளுக்கு நினைவிருந்தது. டிக்கெட் இல்லாமல் அவள் எங்கேயும் போனவள் இல்லை.

புதிதாக ஏறுகிறவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். ஈரக் குடையோடு வந்த ஒருவர், அம்மா எழுந்த இடத்தைக் காட்டி, இங்கே ஆள் உண்டோ என்று மலையாளத்தில் கேட்டார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஆள் இருக்கு" என்றாள் அவள்.