படியில் நின்ற காட்டெருமை

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்கு நீலகிரியில் கட்டபெட்டு அருகே ஓர் எஸ்டேட் வீட்டின் வாசற்படியில் காட்டெருமை ஒன்று நின்றது.

உள்ளே மூன்று பேர். பழைய சினிமாப் பாட்டுகளைப் புது இசையில் பாடி ஆல்பம் போடுவதற்காக அந்த வீட்டை எடுத்திருந்த இசைக்குழு. வீட்டுக்கு ஒரே கதவு. ஜன்னல்களில் கம்பி, வெளிச் சத்தம் புகாமலிருக்க அதன்மேல் மெத்தை. ஒன்பது பாட்டுகள் முடிந்திருந்தன. பத்தாவது அலீனா பாட வேண்டியது.

அவளுக்குப் பன்னிரண்டு மணிக்குக் கோயம்புத்தூரில் இன்டர்வியூ. ஜெர்மனியில் நர்ஸ் வேலை. கிடைத்தால் குழுவை விட்டுப் போக வேண்டும். கிட்டார் வாசிக்கும் டெனின் முந்தின நாள் எவ்வளவோ கெஞ்சினான். அப்பா பேச்சை மீற முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அப்பா டக்ளஸ் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் இருந்தவர். மகளாவது மலையை விட்டு வெளியேற வேண்டும் அவருக்கு. கீழே ரோட்டில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தார். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி குனிந்து படியை நக்கியது.

அலீனா போனில் அழுதாள். "எப்படியாச்சும் வெளிய கூட்டிட்டுப் போயிருங்கப்பா."

"அது போற வரைக்கும் கதவத் தொறக்காத கண்ணு. வேல போனாப் போகுது."

மாடு ஓசியில் பாட்டுக் கேட்க வந்திருக்கிறது என்றான் டிரம்ஸ் வாசிக்கும் விமல். யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதரை ஆயிற்று. டக்ளஸ் இன்டர்வியூ நடத்துபவர்களுக்குப் போன் செய்து கேட்டதற்கு, வேறு தேதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஜீப் திரும்பிப் போனது. அலீனா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அடைந்து கிடப்பதற்குப் பாடியாவது முடிக்கலாம் என்றாள். ஒரே டேக்கில் முடித்தாள்.

பதினொரு மணிக்கு எஸ்டேட் வாட்சர் வீரையா பட்டாசு வெடித்து மாட்டை விரட்டினார். கதவு திறந்தது. அவர் குனிந்து படியிடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லுப்பு கெடக்குது. இத யாருங்க கொட்டுனது? உப்புக்கு மாடு வரும்னு தெரியாதுங்களா?"

விமல் திரும்பி டெனினைப் பார்த்தான். தான் இல்லை என்று டெனின் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

"நாந்தானுங்கண்ணா," என்றாள் அலீனா. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."