நான்காவது தட்டு

துஷ்யந்தி மிஸ் புதன்கிழமை காலையில் செடியறைக் கதவைத் திறந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு நேராக நான்காவது தட்டின் முன்னால் போய் நின்றார்.

வாசலில் வாளியும் கையுமாக நின்ற மாரியாயி உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

ஆறு தட்டு, தட்டுக்கு நாற்பது செடி. ஐந்து தட்டில் புழு தின்று தீர்த்து நரம்புதான் மிச்சம். நான்காவது மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. அதில் விட்ட புழுக்கள் பட்டினியால் நூலாக மெலிந்து தட்டோரத்தில் சுருண்டு கிடந்தன.

பெரிய செடி ஒன்றுமில்லை. கடுகுச் சாதியில் ஒரு களை, ஒரு சாண் உயரம், கறிக்கும் ஆகாது. அரபிடொப்சிஸ் என்று பெயர். மாரியாயி வாயில் அது நுழையாது. ஒரு செடி எப்படி வளர்கிறது, எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று உலகம் முழுக்க இதை வைத்துத்தான் ஆராய்கிறார்களாம்.

தோட்டத்தில் என்றால் அவள் இதை மிதித்துக்கொண்டு போயிருப்பாள். இங்கே இதற்கு ஏசி, விளக்கு, வேளாவேளைக்குத் தண்ணீர். அவள் புருஷனுக்குக்கூட அப்படி ஒரு கவனிப்புக் கிடைத்ததில்லை.

கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், முதுகில் கூடையோடு, வேலை வாங்கும் கங்காணியின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் மாரியாயி. முழங்கால் மலையேற மறுத்த பிறகுதான் இந்த ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டித் துடைக்க வந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். இந்த வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. கடிதம் மிஸ்ஸின் கோப்பில் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

மிஸ் அவளுக்குப் போட்டிருந்தது ஒரே ஒரு சட்டம். தண்ணீர் ஊற்றலாம், தொடக்கூடாது.

போன வெள்ளிக்கிழமை, எள்ளிலும் சின்னப் புழுக்களை எல்லாத் தட்டிலும் விட்டுவிட்டு மிஸ் கொழும்புக்குப் போனார். அன்று பின்னேரம் மாரியாயி தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். நான்காவது தட்டு இருந்த பலகை இடுப்பு உயரம். சரியாகத் தேயிலைச் செடியின் உயரம். செடிகளின் நடுவிலிருந்து கொழுந்து தளதளவென்று எழும்பி நின்றது.

அதுவரைதான் அவளுக்கு ஞாபகம். சுயநினைவு வந்து பார்த்தபோது நாற்பது செடிக்கும் தலை இல்லை.

கிள்ளியதை அள்ளி ஒளித்துவிடலாம் என்று மேசைமேல் தேடினாள், மேசைக்கடியில் தேடினாள். ஒன்றைக்கூடக் காணோம்.

இப்போது மிஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். புழு கடித்தால் இவ்வளவு நேராக வெட்டுப்படாது என்று சிங்களத்தில் சொன்னார். சிங்களமும் ஆங்கிலமும் தவிர வேறு பாஷை மிஸ்ஸின் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கொழும்பில் பெரிய வீட்டுப் பிள்ளை என்பதுதான் சாரதி முதல் நிலையத் தலைவரான பணிப்பாளர் வரை எல்லோருடைய முடிவும்.

மிஸ் மேசைக்கடியில் பார்க்கவில்லை. அப்படியே பின்னால் திரும்பி, சுவரோரத்து அலுமாரியின் இடுக்கில் கைவிட்டு, வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளினார்.

மாரியாயிக்கு நன்றாகப் பேசத் தெரிந்த சிங்களம் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. தமிழிலேயே அழுதாள்.

"வேணும்னு செய்யலிங்க மிஸ். கை தானாப் போயிருச்சுங்க."

மிஸ் கோபிக்கவில்லை. சிரித்தார். அறை அதிரச் சிரித்தார்.

ஓரிடத்தில் காயம் பட்டால் செடி தன் உடம்பு முழுக்கச் சேதி அனுப்பும் என்று சிங்களத்திலேயே சொன்னார். மற்ற இலைகள் உஷாராகி, புழுவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததாக மாறிவிடும். அந்தச் சேதி போனதும் முதலில் விழிக்கும் மரபணு எது என்றுதான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரிக் காயம் வேண்டும். மூன்று வருடமாகக் கத்தரியால் வெட்டினார், ஊசியால் குத்தினார். ஒன்றைப்போல் ஒன்று அமையவில்லை. இந்தத் தட்டில் நாற்பதும் ஒரே இடம், ஒரே அளவு.

இந்தக் கை இங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லி, கோப்பைத் திறந்து, ஈர மேசைமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாரியாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடிதத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

மிஸ்ஸுக்கும் சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. புதிதாக வளர்ந்த தட்டொன்றைத் தூக்கி வந்து இடுப்பு உயரப் பலகையில் வைத்தார். இத்தனை மாதத்தில் முதன்முதலாகக் கையுறையைக் கழற்றினார்.

இரண்டு கையும் இறங்கின. பட் பட்டென்று, கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்துச் செடி முடிந்தது. பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசினார்.

கொழுந்து பறந்துபோய் அலுமாரிக்குப் பின்னால் விழுந்தது.

மிஸ்ஸின் முதுகில் வெள்ளைக் கோட்டு மட்டும்தான் இருந்தது, கூடை இல்லை.

தன்னுடைய கொழுந்து எங்கே போயிற்று என்பது மாரியாயிக்கு அப்போதுதான் விளங்கியது. கடிதத்தை மாரோடு பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"மிஸ்... நீங்க எந்தத் தோட்டம்ங்க?"

மிஸ் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

"மிச்சம் முப்பதையும் முடிச்சிருவோம்க்கா, கங்காணி வர்றதுக்குள்ள."