சந்தன மாலை

"மேடம் கேட்டுக்குள்ள வந்துட்டாங்க! மாலையைக் கழட்டுங்கய்யா, சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே தயாரிப்பாளர் ஏகாம்பரம் தானே ஸ்டூலில் ஏறினார்.

பழைய சீரியல்களுக்கு உயிர் கொடுப்பவர் என்று பெயரெடுத்தவர். இது ஆறாவது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கதையில் ஊரையே அழவைத்த கதாநாயகி சுகந்தியை, இந்தத் தடவை செத்துப்போன அம்மாவாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார். போட்டோ கால்ஷீட் கேட்காது, வயசும் ஆகாது. ஆனால் அவள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் படத்தைக் காட்ட முடியாது என்று சேனல் கறாராகச் சொல்லிவிட்டது.

கையில் சந்தன மாலையோடு அவர் ஸ்டூலிலேயே நிற்க, சுகந்தி எதிரில் வந்து நின்றாள்.

"ஏன் கழட்டிட்டீங்க? நல்லாத்தானே இருந்தது. நெத்தி நிறைய குங்குமம் வேற. சுமங்கலியாத்தான் போயிருக்கேன்."

சிரித்துவிட்ட லைட்மேன், ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்து இருமினார்.

"ஒரே ஒரு சீன் கொடுங்க. நாலு வார்த்தை பேசிட்டு அப்புறம் சாகறேன்."

"கதை முடிவாயிடுச்சு மேடம்."

சுகந்தி, மேனேஜர் ஜெசிந்தா நீட்டிய பாரத்தை மடமடவென்று நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பாரத்தைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள், கணவர் பெயர் என்ற இடத்தில் நின்றாள்.

"சார்... இங்க உங்க பேரை எழுதியிருக்காங்க. அவசரத்துல மாத்தி எழுதிட்டாங்க போல."

"இல்லம்மா," என்றார் ஏகாம்பரம். "சரியாத்தான் எழுதியிருக்கா."