இருபதில் போனால்

எட்டு இருபத்திரண்டு. எட்டரைக்குள் போய்ச் சேராவிட்டால் இந்த முறை மன்னிப்பே கிடையாது என்று தோர்கிலுக்குத் தெரியும். கழுத்தில் டை, முதுகில் ஆபீஸ் பை, கைப்பிடி மீட்டரில் வேகம் முப்பத்திரண்டு.

முன்னால் நோர்ரெப்ரோ சாலையின் சைக்கிள் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு சரக்கு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. பெரிய மரப்பெட்டி, பட்டை போட்டு இறுக்கிய மூடி, அதன்மேல் ஒரு மண்வெட்டியும் பூந்தொட்டியும். ஓட்டியவர் அறுபதைத் தாண்டியவர். மே மாத வெயிலிலும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்.

தோர்கில் விடாமல் மணியடித்தான்.

"பெரியவரே, ஓரமாப் போங்க! வேலைக்குப் போற நேரத்துல தோட்டத்தையே தூக்கிட்டு வந்தா எப்படி?"

"நானும் வேலைக்குத்தான் போறேன் தம்பி," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

இடைவெளி கிடைத்ததும் தோர்கில் முந்திப் பறந்தான். அடுத்த சிக்னலில் சிவப்பு. காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பச்சை விழுந்த அதே நொடியில் மரப்பெட்டி அவன் பக்கத்தில் வந்தது. நிற்காமலே உருண்டு போனது.

காலை வேளையில் ஊருக்குள் போகும் சைக்கிள்களுக்காக அந்தச் சாலையின் சிக்னல்கள், இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் வழி நெடுகப் பச்சையே விழும்படி வைக்கப்பட்டவை. அது தோர்கிலுக்கும் தெரியும். அவன் அப்பா முப்பத்தோரு வருஷம் இதே சாலையில் பாட்டில் தொழிற்சாலைக்குப் போனவர். "இருபதுல போடா, கால் தரையில படவே படாது" என்று அவர் சொல்லாத நாள் இல்லை.

"ஒரு நாளாவது என்கூட வாயேன், சேர்ந்து போவோம்" என்றும் கேட்பார்.

"உங்க வேகத்துக்கு என்னால முடியாதுப்பா. தூங்கி விழுந்துருவேன்" என்பான் இவன்.

மறுபடி முந்தினான். முப்பத்தைந்து. மறுபடி சிவப்பு. சட்டைப் பையில் போன் அடித்தது. அழைத்தவள் அவன் அக்கா போதில்.

"எங்கடா இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன்க்கா. ஆபீஸ்ல இருந்து ஒரே ஒரு போன், அதை முடிச்சுட்டு…"

"ஆஸ்பத்திரிக்கு வந்தே, அப்பா போய் இருபது நிமிஷம் ஆயிருந்துச்சு. சர்ச்சுக்கு வந்தே, பாட்டெல்லாம் முடிஞ்சிருந்துச்சு. இன்னிக்கு அவரை மண்ணுல வைக்கிறது ஒண்ணுதான் மிச்சம். எட்டரைக்கு நீ இங்கே இல்லேன்னா நான் மட்டும் நின்னு முடிச்சிடுவேன். அதுக்கப்புறம் அக்கான்னு கூப்பிட்டு வராதே."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அழுதுகொண்டே சொன்னாள். பச்சை விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. பக்கத்தில் உருண்டு வந்த மரப்பெட்டியைப் பார்த்துத்தான் காலை எடுத்தான்.

அதற்கப்புறம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாதை ஒற்றையடியாகிவிட்டது. பெரியவர் பள்ளம் மேடு பார்த்து, ஒரு கையை மூடியின்மேல் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

"உள்ளே என்ன, முட்டையா? சீக்கிரம் போங்கய்யா! என் உயிரே போகுது!"

"முட்டை இல்ல. ஆனா குலுங்கக் கூடாது."

பாதை அகன்றதும் தோர்கில் ஒட்டி வந்து, கைமுட்டியால் பெட்டியை ஓங்கிக் குத்தினான். மண்வெட்டி அதிர்ந்தது. "எல்லாம் உன்னாலதான்!" என்று கத்தினான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணை மறைத்த நீரைத் துடைக்கவும் கை ஒழியவில்லை.

மூன்றாவது சிக்னல். சிவப்பு. அவன் ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துவிட்டான். பச்சையோடு மரப்பெட்டி அமைதியாக அவன் முழங்கையை உரசாத குறையாக வந்தது. பெரியவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

கல்லறைத் தோட்டத்தின் மஞ்சள் மதில் தெரிந்தது. கடைசி மூச்சைப் பிடித்து மிதித்து, பெட்டியை முந்தி, வாசலுக்குள் பாய்ந்து சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினான். இத்தனை பாடுபட்டு அவன் முந்தியது அரை நிமிஷம்.

மரத்தடியில் போதில் தனியாக நின்றாள். காலடியில் ஒரு முழ ஆழத்துக்குச் சின்னக் குழி. காலியாக இருந்தது.

"முடிஞ்சு போச்சாக்கா?"

"இல்லடா. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு." அவள் அவன் டையைச் சரிசெய்தாள். "வாழ்க்கையில முதல் தடவையா நேரத்துக்கு வந்திருக்கே."

தோர்கில் அவள் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினான். "கேட்டாரேக்கா… ஒரு நாளாவது கூட வாடான்னு எத்தனை தடவை கேட்டாரு! ஒரு நாள்கூட நான் போகலையே."

பின்னால் மணிச் சத்தம். கறுப்புக் கோட்டுப் பெரியவர் கையை உயர்த்திக் காட்டி, சரக்கு சைக்கிளை மரத்தடியில் நிறுத்தினார். அன்று காலை அவர் கால் தரையில் பட்டது அப்போதுதான்.

"இவன் என் தம்பி," என்றாள் போதில். "அப்பாவுக்கு ஒரே பையன்."

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். மண்வெட்டியையும் பூந்தொட்டியையும் புல்லில் இறக்கி வைத்தார். பட்டையை அவிழ்த்து, மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த அஸ்திக் கலயத்தை இரண்டு கையாலும் எடுத்து தோர்கிலிடம் நீட்டினார்.

"பிடிங்க தம்பி. மூணு சிக்னல்லயும் உங்க பக்கத்துலதான் வந்தாரு."