மூன்று நிமிஷக் காற்று

"எடுடா சாவியை! இப்பிடியே நடையைக் கட்டு. உன் ஊரு தாமலுக்கு எந்நேரமும் பஸ் இருக்குது!"

நமச்சிவாயம் போட்ட சத்தத்தில் காமாட்சியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றுபோனது. பட்டுக்கடை முதலாளி கோபக்காரர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நடுத்தெருவில் இப்படிச் சாமியாடியது இன்றுதான்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் மொதலாளி?" என்றான் டிரைவர் கண்ணாயிரம்.

"கேள்வி வேற கேக்கறியா? உள்ள ஒன்றரை மணி நேரம் நான் திருவிழா விஷயமா பேசிக்கினு இருந்தா, நீ வெளிய ஏசியைப் போட்டுக்கினு குளுகுளுன்னு படுத்துக்கினு இருந்திருக்கே. தோ பாரு, வண்டி முன்னாடி இருக்கற ஃபேன் இன்னும் சுத்திக்கினு இருக்குது! குளிரு வெளிய போவட்டும்னு நாலு கதவையும் தொறந்து போட்டுட்டா எனக்குத் தெரியாதா?"

ஊரிலேயே ஏசி வைத்த ஒரே கார் அது. போன மாசம்தான் மெட்ராஸில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து முதலாளிக்குத் தரையில் கால் படவில்லை.

கண்ணாயிரத்துக்கு உச்சந்தலை கொதித்தது. கத்திரி வெயில் ஒரு பக்கம், இந்த ஏச்சு ஒரு பக்கம்.

"காமாட்சி மேல சத்தியமா சொல்றேன், அந்த ஏசி காத்துல நான் ஒரு நொடி உக்காரல. வேப்ப மரத்தடியிலதான் நின்னுக்கினு இருந்தேன். இஞ்சினை நிறுத்தினாலும் அந்த ஃபேன் சுத்தும் மொதலாளி. அது அப்பிடித்தான்."

"இஞ்சின் நின்னா ஃபேன் எப்டிடா சுத்தும்? எனக்கே காது குத்தறியா?"

அந்த நேரத்தில் மதில் ஓரமாக முதலாளியின் மனைவி லோகாம்பாள் வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் மகளுக்குக் குழந்தை இல்லை. அதற்காகப் பிராகாரத்தை வெறுங்காலோடு நூற்றெட்டு முறை சுற்றி வருவதாக வேண்டுதல். இன்றைக்கு நாற்பத்தெட்டு, நாளைக்கு மீதி.

"இவளைப் பாருடா!" நமச்சிவாயம் கை நீட்டினார். "கல்லு காயற வெயில்ல நாப்பத்தெட்டு சுத்து சுத்திட்டு வர்றா. ஒரு பொட்டு வேர்வை இல்ல, தலையில பூகூட வாடல. அதுக்குப் பேருதான் பக்தி! சும்மா உக்காந்திருக்கற உனக்கு ஏசி கேக்குதா?"

"போதும் விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் லோகாம்பாள்.

கண்ணாயிரம் அவளை ஒருமுறை பார்த்தான். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான். லாரி ஓட்டி இடுப்பு ஒடிந்த பிறகு கிடைத்த வேலை இது. இதுவும் போனால் மூன்று பிள்ளைகளுக்கும் அவன் என்ன சோறு போடுவான்?

"மெக்கானிக் தேவசகாயத்தைக் கேளுங்க மொதலாளி. அவரு இல்லைன்னு சொல்லட்டும், நானே சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

ரயில்வே ரோட்டில் தேவசகாயத்தின் பட்டறை. வண்டி நின்றதும் நமச்சிவாயம் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சுத்தத்தான் செய்யுங்க" என்றார் தேவசகாயம் கையைத் துடைத்துக்கொண்டே. "பெல்ட்டுல ஓடற ஃபேன் இஞ்சினோட நின்னுடும். ஆனா ஏசி போட்டா இஞ்சின் சூடு ஜாஸ்தி. வண்டி நின்ன எடத்துலயே நின்னா எதிர்க்காத்தும் வராது. அதுக்குத்தான் முன்னாடி தனியா இந்த கரண்ட் ஃபேன். பேட்டரியில ஓடுது. சூடு எறங்கினாத்தான் நிக்கும்."

"பாத்தீங்களா!" கண்ணாயிரம் சீறினான். "நடுத்தெருவுல வெச்சு மானத்தை வாங்கினீங்களே!"

முதலாளி முகம் தொங்கிப்போனது. ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம். அவ்ளோதானா?"

"மிஞ்சிப்போனா நாலுங்க."

"ஒன்றரை மணி நேரமா நிறுத்தி வெச்ச வண்டியில சுத்துமா?"

"அது எப்டிங்க சுத்தும்? அப்பத்தான் இஞ்சினை நிறுத்தியிருக்கணும்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார் தேவசகாயம்.

"வெளுத்துடுச்சுடா சாயம்!" நமச்சிவாயம் துள்ளிக் குதித்தார். "அம்மன் பேர்ல சத்தியம் வேற! தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா? என் மூஞ்சியிலயே முழிக்காதே, போ!"

கண்ணாயிரம் பல்லைக் கடித்தான். காப்பாற்றுவார் என்று நம்பி வந்த மெக்கானிக்கே கவிழ்த்துவிட்டார்! அத்தனை ஆத்திரத்தையும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கார் டயரை ஓங்கி ஒரு உதை விட்டான்.

"வேணாங்க" என்றாள் லோகாம்பாள் பின்சீட்டிலிருந்து. "வேண்டுதல் நேரத்துல புள்ளகுட்டிக்காரன் வயித்துல அடிச்சா நமக்குத்தான் பாவம். எனக்காக இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க."

மனைவி சொன்னதும் நமச்சிவாயம் இளகினார். "கேட்டியாடா? இந்தப் புண்ணியவதி காலைத் தொட்டுக் கும்பிடு!" சாவியை அவன் மேல் விட்டெறிந்துவிட்டுப் பட்டறைக்குள் தண்ணீர் குடிக்கப் போனார்.

கண்ணாயிரம் காலைத் தொடவில்லை. முறைத்துக்கொண்டே நின்றான்.

கார்க் கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. "கோவிச்சுக்காதேபா கண்ணாயிரம்" என்று கிசுகிசுத்தாள் லோகாம்பாள். "நாளைக்கு அறுவது சுத்து பாக்கி இருக்குது. அவரு வெளிய வர அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஏசியை நிறுத்திட்டு என்னை எறக்கி விட்டுடு."