ஊசி பொறுக்கும் காந்தம்

எனக்குத் துரோகம் செய்தவன் பக்கத்துக் கடை ஸ்பீக்கர் மெக்கானிக்தான்.

நான் தையல்காரன். கீழே விழும் ஊசிகளைப் பொறுக்க, பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி அவன்தான் கொடுத்திருந்தான். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மனைவியிடம் கடைச் சாவியை வாங்கி, அந்தக் காந்தத்தைத் திருப்பி எடுத்துப் போய்விட்டான்.

கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்பவனை என்னவென்று சொல்வது?

குணமாகி வந்து கடையைத் திறந்தால், பக்கத்துக் கடையே காலி. மார்க்கெட்டுக்குப் பின்னால், ஈ காக்கை எட்டிப் பார்க்காத சந்து ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

"சீக்காளி பக்கத்துல இருந்தா வியாபாரம் படுத்துடும்னு நெனைச்சிருப்பான்" என்றேன் மனைவியிடம்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. தெருவுல பாத்தா நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தானே செய்றாரு?"

"எங்கேருந்து கேக்குறான்? எதிர் பிளாட்பாரத்துல நின்னு கத்துறான். எனக்கென்ன தொத்து வியாதியா?"

இனி உன் சகவாசமே வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடப் போனேன்.

என்னைக் கண்டதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

"டேய், அங்கேயே நில்லு! உள்ளே வராதே!"

"ஏன்டா, நான் கால் வச்சா உன் கடை இடிஞ்சு விழுந்துடுமா?"

"அட மடையா, உள்ளே முழுக்கக் காந்தம்டா! உன் நெஞ்சுல வச்சிருக்கிற பேஸ்மேக்கர் பக்கத்துல காந்தமே வரக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"நீ ஆயுசு முழுக்கக் காந்தத்தோடதானே குடித்தனம் பண்றே? உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்குள்ள இருக்கிறது வெறும் ரத்தமும் சதையும். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. உனக்குள்ள மெஷின் இல்ல இருக்கு! நீ முதுகைச் சாய்ச்சு உக்கார்ற பலகைக்கு அந்தப் பக்கம்தான் நான் எல்லாக் காந்தத்தையும் அடுக்கி வச்சிருந்தேன். என் சட்டைப் பையிலயும் எப்பவும் ரெண்டு கிடக்கும், அதான் தெருவுலகூடத் தள்ளி நின்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பியா? 'செத்தா சாகறேன், நீ போகாதே'ன்னு சட்டையைப் பிடிச்சிருப்பே."

பிடித்துத்தான் இருப்பேன்.

"ஒரு முழம் தள்ளியிருந்தாப் போதும்னு டாக்டர் எங்கிட்ட சொன்னாருடா, இப்பத்தான் ஞாபகம் வருது."

அவன் வாயைப் பிளந்தான்.

"ஒரு முழமா? நான் கடையையே காலி பண்ணிட்டு வந்துட்டேனேடா!"

அந்தக் கடைக்கு இப்போது வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நன்றியெல்லாம் அப்புறம். என்னைக் கேட்காமல் என் பக்கத்திலிருந்து எழுந்து போனதற்கு அவன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும்.